இன்னும் ஒரு வாரம்

பச்சிளங்குழந்தைகள் தீவிர சிகிச்சைப் பிரிவின் கண்ணாடிச் சன்னலுக்கு வெளியே நின்றுகொண்டு என் பெரியம்மா ஒரு கேள்வி கேட்டார். அதில் குற்றம் சாட்டும் தொனி துளியும் இல்லை. உள்ளே மூன்றாவது இன்குபேட்டரில், மூக்கில் குழாயும் தலையில் சின்னக் குல்லாயுமாக, என் உள்ளங்கையால் மூடிவிடக்கூடிய முதுகோடு என் மகன் படுத்திருந்தான். வெகுநேரம் அவனையே பார்த்துக்கொண்டிருந்த பெரியம்மா, என் பக்கம் திரும்பாமலே, "இன்னும் ஒரு வாரம் தாங்கியிருக்கக் கூடாதா, அம்மா?" என்றார். பிறகு முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். நான் பதில் சொல்லவில்லை. சொல்வதற்கு அப்போது என்னிடம் எதுவும் இல்லை. அவனுக்கு இப்போது ஏழு வயது. பல் விழுந்த இடத்தை நாக்கால் துழாவிக்கொண்டே வீட்டுப்பாடம் எழுதுகிறான். ஆனாலும் அந்தக் கேள்வி என்னைவிட்டுப் போகவில்லை. பாத்திரம் கழுவும்போதும், பஸ்ஸில் சன்னலோரம் உட்கார்ந்திருக்கும்போதும் திடீரென்று வந்து நிற்கும். தாங்கியிருக்கக் கூடாதா?

தாங்குவது என்ற சொல்லை நாம் எத்தனை விதமாகப் பயன்படுத்துகிறோம்! தூண் கூரையைத் தாங்குகிறது. வயிறு பிள்ளையைத் தாங்குகிறது. வலியைத் தாங்குகிறோம், வசவைத் தாங்குகிறோம். பிரியப்பட்டவரைத் தாங்கு தாங்கென்று தாங்குகிறோம். ஒரு கர்ப்பிணியிடம் இந்தச் சொல் வந்து சேரும்போது இத்தனையும் ஒன்றாகக் கலந்துவிடுகின்றன. குழந்தையைத் தாங்குகிறவள் வலியையும் தாங்கத்தான் வேண்டும் என்று யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. சொல்லாமலே நமக்குத் தெரிந்திருக்கிறது. அந்தத் தெரிந்திருத்தல்தான் என்னை ஏறக்குறையக் கொன்றது என்று நான் நினைக்கிறேன். இது மிகைப்படுத்தல் இல்லை.

இடது பக்கம் திரும்பிப் படுங்கள்

முப்பது வாரமும் ஐந்து நாளும் ஆகியிருந்தபோது தலைவலி தொடங்கியது. நெற்றியில் ஒரு பட்டை இறுக்கிக் கட்டியதுபோல இருந்தது. மாத்திரை போட்டும் குறையவில்லை, தூங்கி எழுந்தும் குறையவில்லை. தலைவலிதானே, தாங்கிக்கொள்ளலாம் என்று இருந்தேன். மோதிரம் விரலில் அழுந்திச் சிவந்த கோடு போட்டது. காலையில் கண்ணாடியில் பார்த்தால் இமைகள் வீங்கி, என் முகம் வேறு யாருடைய முகமோபோல் இருந்தது. கர்ப்பகாலத்தில் கால் வீங்குவது இயல்புதான், பலருக்கும் வருவதுதான். முகமும் கையும் திடீரென்று வீங்குவது அப்படியல்ல என்பது எனக்குத் தெரியாது. மறுநாள் வழக்கமான பரிசோதனைக்குப் போகவேண்டியிருந்ததால், சொல்வதை அங்கே சொல்லிக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டேன்.

அங்கே நாற்காலியில் உட்காரவைத்து அளந்தபோது இரத்த அழுத்தம் 152/98. செவிலியர் என்னைப் பரிவோடு பார்த்தார். "படபடப்பாக இருக்கிறீர்கள். இடது பக்கம் திரும்பிப் படுங்கள், பத்து நிமிடம் கழித்து மறுபடி பார்க்கலாம்" என்றார். படுத்தேன். மேலே இருந்த வலது கையில் பட்டையைச் சுற்றி அளந்தார். 134/84. "பார்த்தீர்களா, இறங்கிவிட்டது" என்றார். எனக்கும் நிம்மதியாகத்தான் இருந்தது. அட்டையில் எழுதப்பட்டது அந்த இரண்டாவது எண் மட்டும்தான்.

எண் இறங்கியது உண்மை. என் உடம்புக்குள் இருந்த அழுத்தம் அந்த அளவுக்கு இறங்கவில்லை என்பதும் உண்மை. கை இதயத்தின் மட்டத்துக்கு மேலே இருந்தால் கருவி குறைவாகத்தான் காட்டும். 10 சென்டிமீட்டர் உயரத்துக்கு ஏறக்குறைய 8 அலகு குறையும். இடது பக்கம் ஒருக்களித்துப் படுத்தவளின் வலது கை, இதயத்துக்கு ஒரு சாண் மேலே இருக்கிறது. மேல்மாடிக் குழாயில் தண்ணீர் மெலிந்து வருவதைப் பார்த்துவிட்டுத் தொட்டியில் தண்ணீர் குறைந்துவிட்டது என்று முடிவு கட்டுவதைப் போன்றது இது. உட்கார்ந்து, முதுகைச் சாய்த்து, இரண்டு பாதமும் தரையில் பட, கையை இதயத்தின் மட்டத்தில் தாங்கலாக வைத்து, பேசாமல் அளக்கவேண்டும். பட்டையின் அளவும் கைக்குப் பொருந்தவேண்டும். 20 வாரத்துக்குப் பிறகு 140/90-ஐத் தொட்டாலே கவனிக்கவேண்டிய எண். 160/110 என்றால் நிமிடக் கணக்கில் மருந்து தொடங்கவேண்டிய எண். அந்தச் செவிலியர்மீது எனக்கு இன்று கோபமில்லை. அந்தப் பழக்கத்தின்மீது தீராத கோபம் இருக்கிறது. நல்ல எண் வரும்வரை ஆளைத் திருப்பித் திருப்பிப் படுக்கவைப்பது பரிசோதனையே அல்ல. அதோடு, தலைவலியைப் பற்றி நான் வாய் திறக்கவே இல்லை என்பதையும் சொல்லியாகவேண்டும். எண் நன்றாக இருக்கும்போது தலைவலியைப் பற்றிப் புலம்புவானேன் என்று தோன்றிவிட்டது.

சிறுநீரில் உப்பு கொஞ்சம் தெரிகிறது, உப்பைக் குறைத்துக்கொள்ளுங்கள், நன்றாக ஓய்வெடுங்கள் என்று சொல்லி அனுப்பினார்கள். உப்பு என்று வழக்கத்தில் சொல்லப்படுவது உண்மையில் புரதம். சிறுநீரகத்தின் வடிகட்டி சேதப்படும்போது, உடம்பு வெளியே விடக்கூடாத புரதம் ஒழுகுகிறது. அதற்குப் போய் உப்பு என்று பெயர் வைத்துவிட்டதால், சாப்பாட்டில் உப்பைக் குறைத்தால் சரியாகிவிடும் என்று ஆகிவிட்டது. கர்ப்பகாலத்தில் இரத்த அழுத்தம் ஏறி உறுப்புகளைத் தாக்கும் இந்த நோயை, உப்பைக் குறைப்பது தடுப்பதில்லை. படுக்கையில் கிடப்பதும் தடுப்பதில்லை. உலக சுகாதார நிறுவனமே இரண்டையும் இதற்குப் பரிந்துரைப்பதில்லை. நானோ உப்பில்லாமல் சாப்பிட்டுவிட்டு, இடது பக்கமாகவே படுத்து, நல்ல பிள்ளையாகத் தாங்கிக்கொண்டிருந்தேன்.

மறுநாள் இரவு வலது பக்க விலா எலும்புக்குக் கீழே வலி வந்தது. நெஞ்செரிச்சல் என்று நினைத்து எழுந்து உட்கார்ந்தேன். அந்த இடத்தில் இருப்பது கல்லீரல். அது வீங்கி, அதன் மேலுறை இழுபடுவதால் வருகிற வலி அது. விடியற்காலை மூன்று மணிக்குக் குளியலறைச் சுவரில் வெள்ளிப் புள்ளிகள் ஊர்ந்துகொண்டிருந்தன. கண்ணை மூடினாலும் ஊர்ந்தன. கணவர் விளக்கைப் போட்டு என் முகத்தைப் பார்த்தார். ஒன்றும் கேட்காமல் செருப்பை எடுத்துவந்து என் கால்களில் மாட்டினார். மருத்துவமனை வாசலில் அளந்தபோது 174/112.

தலைமாட்டில் ஒரு சிறிய குப்பி

நோயின் பெயர் கடுமையான பிரீஎக்ளாம்ப்சியா என்றார்கள். எக்ளாம்ப்சியா என்ற சொல்லுக்குக் கிரேக்க மொழியில் திடீரென்று ஒளிர்தல் என்று பொருளாம். வலிப்பு அப்படித் திடீரென்று வெட்டுவதால் வந்த பெயர். சுவரில் புள்ளிகளைப் பார்த்தவளுக்கு அந்தப் பெயர் உடனே புரிந்தது. அந்த வலிப்பு வராமல் தடுக்க மெக்னீசியம் சல்பேட் ஏற்றினார்கள். "உடம்பெல்லாம் எரியும், பயந்துவிடாதீர்கள்" என்று முன்கூட்டியே சொன்னார்கள். சொன்னது நல்லதாயிற்று. முதல் 4 கிராம் இருபது நிமிடத்தில் இறங்கியபோது, தொண்டையில் தொடங்கிய வெப்பம் வயிற்றுக்கும் தொடைக்கும் பரவி, உள்ளங்காலில் போய் நின்றது. பிறகு மணிக்கு 1 கிராம் வீதம் சொட்டிக்கொண்டே இருந்தது. நாக்கு கனத்தது. என் பெயரைச் சொல்லவே நேரம் பிடித்தது.

ஒவ்வொரு மணி நேரமும் ஒருவர் வந்து முழங்காலுக்குக் கீழே சிறிய சுத்தியலால் தட்டிப் பார்த்தார். கால் லேசாக உதறும். தலையை ஆட்டிக்கொண்டு எழுதிக்கொள்வார். பிறகு என் மூச்சை எண்ணுவார். பிறகு குனிந்து, குழாய்வழியே சிறுநீர் சேரும் பையின் கோட்டைப் பார்ப்பார். மெக்னீசியம் சிறுநீரில்தான் வெளியேறுகிறது. சிறுநீர் குறைந்தால் மருந்து உடம்பில் தேங்கும். தேங்கினால் முதலில் அந்த முழங்கால் உதறல் நின்றுபோகும், அதற்கும் பிறகுதான் மூச்சு தடுமாறும். ஆகவே அந்த உதறல் ஒரு காவல்காரன். கட்டிலின் தலைமாட்டில் கால்சியம் குளுக்கோனேட் குப்பி ஒன்றைப் பிளாஸ்திரியால் ஒட்டிவைத்திருந்தார்கள். மருந்து மிஞ்சினால் அதை முறிக்கும் மருந்து அது. இரண்டு இரவுகள் அந்தக் குப்பியையே பார்த்துக்கொண்டு படுத்திருந்தேன். இந்த மருந்து இரத்த அழுத்தத்துக்கு என்றுதான் வெகுநாள் நினைத்திருந்தேன். அழுத்தத்துக்கு லேபெட்டலால் என்ற ஊசி தனியாகப் போனது, மெக்னீசியம் மூளைக்கு. 33 நாடுகளில் 10,000-க்கும் மேற்பட்ட பெண்களிடம் நடந்த மேக்பை ஆய்வு 2002-இல் வெளியானது. மெக்னீசியம் பெற்றவர்களுக்கு வலிப்பு வரும் வாய்ப்பு பாதிக்கும் கீழே போயிருந்தது. மலிவான, பழைய, காப்புரிமை யாருக்கும் இல்லாத ஓர் உப்பு. உப்பைக் குறைக்கச் சொன்ன இடத்திலிருந்து வந்து, ஓர் உப்பால் பிழைத்தேன்.

தொடையில் ஸ்டீராய்டு ஊசி ஒன்று, 24 மணி நேரம் கழித்து இன்னொன்று. அவை எனக்கல்ல, உள்ளே இருப்பவனின் நுரையீரல் சீக்கிரம் முதிர்வதற்கு. பிரசவம் எதனால் தொடங்குகிறது என்று நியூசிலாந்தில் செம்மறி ஆடுகளிடம் ஆராய்ந்துகொண்டிருந்த லிகின்ஸ் என்ற மருத்துவர், ஸ்டீராய்டு பெற்ற குறைமாத ஆட்டுக்குட்டி பிழைத்திருக்கும் என்று எதிர்பார்த்த நேரத்தைத் தாண்டியும் மூச்சுவிட்டுக்கொண்டிருந்ததைக் கவனித்தார். அவரும் குழந்தை மருத்துவர் ஹோவியும் சேர்ந்து 1972-இல் அதைத் தாய்மார்களிடம் சோதித்த முடிவை வெளியிட்டார்கள். எங்கோ ஒரு தொழுவத்தில் சாகாமல் கிடந்த ஆட்டுக்குட்டிக்கு நான் கடன்பட்டிருக்கிறேன்.

இரத்தம் உறைய உதவும் தட்டணுக்களை ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறை எண்ணினார்கள். 1,10,000. பிறகு 92,000. பிறகு 74,000. கல்லீரல் நொதிகள் ஏறிக்கொண்டே போயின. ஸ்கேனில் தொப்புள்கொடியின் இரத்த ஓட்டத்தைப் பார்த்தார்கள். ஒவ்வொரு துடிப்புக்கும் இடையில் குழந்தையை நோக்கி ஓடிக்கொண்டே இருக்கவேண்டிய இரத்தம், அந்த இடைவெளியில் ஓடாமல் நின்றுவிட்டிருந்தது. மகப்பேறு மருத்துவர் கட்டிலின் விளிம்பில் உட்கார்ந்தார். இந்த நோய்க்கு மருந்து என்று ஒன்று இருந்தால் அது நஞ்சுக்கொடி வெளியே வருவதுதான், இன்றைக்கே எடுத்துவிடலாம் என்றார். தட்டணுக்கள் இன்னும் இறங்கினால் முதுகுத்தண்டில் மயக்க ஊசி போடமுடியாது என்பதையும் விளக்கினார். அப்போது நான் சொன்னேன்: "என்னால் தாங்கமுடியும் டாக்டர். இன்னும் ஒரு வாரம் தாங்கிக்கொள்கிறேன்."

ஆமாம். பெரியம்மா கேட்பதற்கு முன்பே அதை நான் கேட்டிருந்தேன். அதனால்தான் அவருடைய கேள்வி அவ்வளவு ஆழமாகப் போய்த் தைத்தது. மருத்துவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். "நீங்கள் தாங்குவீர்கள் அம்மா, எனக்குத் தெரியும். உங்கள் கல்லீரல் தாங்காது" என்றார். கையெழுத்துப் போட்டேன். பேனாவைப் பிடிக்க விரல் மடங்கவில்லை. கணவர் என் விரல்களைப் பேனாவோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டார்.

1,060 கிராம்

31 வாரமும் இரண்டு நாளும் ஆகியிருந்தபோது பிறந்தான். எடை 1,060 கிராம். அழவில்லை. மெக்னீசியம் நஞ்சுக்கொடி வழியாகக் குழந்தைக்கும் போகிறது. எனக்கு நாக்கு கனத்ததுபோல அவனுக்கு உடம்பே துவண்டிருந்தது. மூக்கில் குழாய் வைத்து, நுரையீரலின் காற்றறைகள் சுருங்கி ஒட்டிக்கொள்ளாமல் இருக்கச் சிறிய அழுத்தத்தில் காற்றை விட்டார்கள். முதல் மணி நேரத்தில் அவன் இரத்தச் சர்க்கரை வெறும் 28. கல்லீரலில் சேமிப்பு இல்லாமல் பிறந்திருந்தான். இரண்டாம் நாள் அவனுக்கும் தட்டணுக்கள் குறைந்தன, வெள்ளணுக்களும் குறைவு. என் நோய் அவன் இரத்தத்திலும் கையெழுத்துப் போட்டிருந்தது. அது பத்து நாளில் தானாகவே சரியாயிற்று. ஆனால் அந்தப் பத்து நாளும் ஒவ்வொரு காய்ச்சலையும் ஒவ்வொரு சின்ன இரத்தப் புள்ளியையும் பார்த்துப் பயந்துகொண்டிருந்தோம்.

பால் இரண்டு மணி நேரத்துக்கு ஒரு மில்லி. என் சீம்பாலை ஊசிக்குழலில் எடுத்து, வாய்வழியாக வயிற்றுக்குப் போகும் மெல்லிய குழாயில் விட்டார்கள். உயரே பிடித்தால் அது தன் எடையாலேயே மெதுவாக இறங்கும். நான்காம் நாள் அவன் வயிறு உப்பியது. உடனே பாலை நிறுத்திவிட்டார்கள். உள்ளே இருந்தபோது இரத்தம் போதாமல், இருந்ததை மூளைக்கும் இதயத்துக்கும் கொடுத்துவிட்டுக் குடலைப் பட்டினி போட்டிருக்கிறது அவன் உடம்பு. அப்படிப்பட்ட குடல் அழுகிப்போகும் ஆபத்து குறைமாதக் குழந்தைகளுக்கு உண்டு. அதைக் குறைக்கத் தாய்ப்பாலுக்கு நிகர் வேறில்லை. ஒன்றரை நாள் காத்திருந்து மறுபடி அரை மில்லியிலிருந்து தொடங்கினார்கள். அந்த அரை மில்லி இறங்கியதைப் பார்த்த நிமிடம், ஆறரை நாள் கழித்து முதல்முறையாக எனக்குப் பசித்தது.

ஐந்தாம் நாள் நான் சாதாரண வார்டிலிருந்து வீட்டுக்குப் போகத் தயாராகிக்கொண்டிருந்தேன். தலை வலித்தது. தூக்கமில்லாததால் இருக்கும் என்று, நெற்றியை இன்குபேட்டரின் குளிர்ந்த கண்ணாடியில் வைத்து அழுத்திக்கொண்டு நின்றேன். அவனைப் பார்த்துக்கொண்டிருந்த செவிலியர் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். "நேற்றும் இப்படித்தான் நின்றீர்கள்" என்றார். ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டார். உட்கார்ந்ததும் உடனே அளக்கவில்லை. ஐந்து நிமிடம் பேசாமல் இருக்கச் சொன்னார். கையை மேசைமேல் வைத்தார். 168/108. குழந்தை பிறந்ததும் சரியாகிவிடும் என்று எல்லோரும் சொன்னதில் பாதிதான் உண்மை. பிரசவத்துக்குப் பிறகு மூன்றாம் நாளிலிருந்து ஆறாம் நாள்வரைதான் அழுத்தம் உச்சத்துக்கு ஏறுகிறது. வலிப்பு பிரசவமான பல நாள் கழித்தும் வரலாம். அந்த நேரத்தில் எல்லோர் கண்ணும் குழந்தைமேல் இருக்கிறது. தாய் சன்னலோரம் நெற்றியைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள். மறுபடியும் நான் தாங்கிக்கொண்டுதான் நின்றிருந்தேன் என்பதை நினைத்தால் இன்றும் உடம்பு பதறுகிறது. ஒரு வாரத்துக்குள் இரண்டாவது முறை!

பெரியம்மா வந்தது ஏழாம் நாள்.

அளவு நாடா

அவர் கேட்டுவிட்டுப் போன மறுநாள், குழந்தை மருத்துவர் வாராந்தர அளவெடுக்க வந்தார். இன்குபேட்டரின் வட்டக் கதவுகள் வழியே இரண்டு கைகளையும் விட்டு, ஒரு காகித அளவு நாடாவை அவன் தலையைச் சுற்றிக் கொண்டுவந்து புருவத்துக்கு மேலே பொருத்தினார். அவன் முகத்தைச் சுளித்தான். "இருபத்தேழரை" என்றார். நான் அவரிடம் கேட்டேன், பெரியம்மாவின் வார்த்தைகளிலேயே கேட்டேன். இன்னும் ஒரு வாரம் உள்ளே இருந்திருந்தால் இன்னும் கொஞ்சம் எடை போட்டிருப்பான் அல்லவா? அவர் பதில் சொல்லாமல் வளர்ச்சி வரைபடத்தை எடுத்து என் மடியில் வைத்தார். தலைச் சுற்றளவு என்ற கோட்டில் ஒரு புள்ளி வைத்தார். அந்த வாரத்துக் குழந்தைக்கு இருக்கவேண்டிய இடத்துக்குக் கொஞ்சம்தான் கீழே இருந்தது. பிறகு எடையின் கோட்டில் பிறந்த அன்றைய எடையை வைத்தார். அது எல்லாக் கோடுகளுக்கும் கீழே, வெள்ளையாக இருந்த இடத்தில் போய் விழுந்தது.

"இந்தத் தலைக்கு ஏற்ற உடம்பு இது இல்லை. கிடைத்ததையெல்லாம் மூளைக்கு அனுப்பிவிட்டு மற்ற உறுப்புகளைக் காயப்போட்டிருக்கிறான்" என்றார். பிறகு என் கடைசி ஸ்கேன் இரண்டையும் விரித்துக் காட்டினார். முதலாவது மூன்று வாரத்துக்கு முந்தியது, இரண்டாவது பிரசவத்துக்கு முந்தின நாள் எடுத்தது. வயிற்றின் சுற்றளவு என்ற இடத்தில் இரண்டு எண்களுக்கும் நடுவே வித்தியாசமே இல்லை என்று சொல்லலாம். நஞ்சுக்கொடியைச் சோதித்த அறிக்கையும் வந்திருந்தது. சிறியது, ஆங்காங்கே இரத்தம் போகாமல் செத்த திட்டுகள். "மூன்று வாரமாக அவன் வளரவில்லை அம்மா. இன்னும் ஒரு வாரம் இருந்திருந்தாலும் எடை போட்டிருக்கமாட்டான். இருந்திருப்பானா என்பதையே என்னால் சொல்லமுடியாது. இங்கே வந்த பிறகுதான் அவனுக்குச் சாப்பாடு கிடைக்கிறது."

நான் அந்த வரைபடத்தை வெகுநேரம் மடியில் வைத்துக்கொண்டிருந்தேன். தாயா குழந்தையா என்று பிரித்துப் பேசியே நமக்குப் பழகிவிட்டது. என்னைக் காப்பாற்றுவதற்காக அவனுடைய வாரங்களைப் பறித்துவிட்டார்கள் என்றுதான் ஏழு நாளாக நினைத்துக்கொண்டிருந்தேன். என் வயிறு பத்திரமான இடம், இன்குபேட்டர் ஆபத்தான இடம் என்பது என் கணக்கு. அந்தக் கணக்கு தவறு என்று ஒரு காகித நாடா சொல்லிவிட்டது. நான் வெளியே தலைவலியைத் தாங்கிக்கொண்டிருந்த அதே நாட்களில் அவன் உள்ளே பட்டினியைத் தாங்கிக்கொண்டிருந்தான். இரண்டு பேருமே வாய் திறக்கவில்லை. அவனுக்கு வாய் திறக்க வழியில்லை. எனக்கு இருந்தது.

இதற்கு நிம்மதி என்று பெயர் வைக்கத் தயங்குகிறேன். குற்ற உணர்ச்சி ஒரு கதவு வழியே வெளியே போய் மறு கதவு வழியே உள்ளே வந்தது. நான் என்ன தவறு செய்தேன்? வேலை அதிகமா, கவலைப்பட்டேனா? கேட்காதவர் இல்லை. இரத்த அழுத்தம், மன அழுத்தம் என்று இரண்டுக்கும் ஒரே அழுத்தத்தை வைத்துவிட்டோம். அதனால் கவலைப்பட்டால்தான் இது வரும் என்று ஊரே நம்புகிறது. இந்த நோயின் வேர் நான் வேலைக்குப் போனதிலோ அழுததிலோ இல்லை. கர்ப்பத்தின் முதல் பாதியிலேயே, நஞ்சுக்கொடி பதியும் இடத்தில் இருக்கும் கருப்பையின் சுருள் தமனிகள் அகன்று, தாராளமாக இரத்தம் பாய்ச்சும் வாய்க்கால்களாக மாறவேண்டும். எனக்கு அவை சரியாக அகலவில்லை. இரத்தம் போதாத நஞ்சுக்கொடி, எஸ்எஃப்எல்டி-1 என்ற புரதத்தை அளவுக்கு மீறித் தாயின் இரத்தத்தில் கலக்கிறது. இரத்தக் குழாய்களின் உட்சுவரைப் பேணிக்காக்கும் புரதங்களை அது பிடித்து முடக்குகிறது. ஆராய்ச்சியாளர் அனந்த் கருமாஞ்சியும் அவரது குழுவினரும் 2003-இல் அந்தப் புரதத்தைச் சினை எலிகளில் மிகுதியாக்கிக் காட்டினார்கள். எலிகளுக்கு அழுத்தம் ஏறியது, சிறுநீரில் புரதம் போயிற்று, சிறுநீரகத்தில் இதே சேதம் தெரிந்தது. அந்த எலிகள் எதை நினைத்துக் கவலைப்பட்டிருக்கும்? இதைப் படித்த அன்று இரவு நான் நன்றாகத் தூங்கினேன்.

பன்னிரண்டாம் நாள் அவனை என் நெஞ்சில் வைத்தார்கள். வெறும் தோலோடு தோலாக, தவளைக்குட்டி மாதிரி கைகால்களை மடித்து, மேலே ஒரு துணியைச் சுற்றிக் கட்டி. கொலம்பியா நாட்டின் போகோட்டாவில் 1978-இல் இன்குபேட்டர்கள் போதாத நெருக்கடியில் பிறந்த முறை இது. பிறகு ஐந்து நாடுகளில் நடந்து 2021-இல் வெளியான ஆய்வில், பிறந்தவுடனேயே இப்படி வைத்தால் எடை குறைந்த குழந்தைகளின் இறப்பு கால்பங்கு குறைகிறது என்று தெரிந்திருக்கிறது. எனக்கு அன்று தெரிந்ததெல்லாம் அவன் மூச்சு என் கழுத்தெலும்பில் பட்டதுதான். அவ்வப்போது மூச்சுவிட மறந்துவிடுவான்; கருவி அலறும்; முதுகை ஒரு விரலால் தடவினால் நினைவு வந்ததுபோல மறுபடி விடுவான். அதற்கும் மருந்து கொடுத்தார்கள், காப்பியில் இருக்கும் அதே கஃபீன். 43 நாள் கழித்து 1,780 கிராமில் வீட்டுக்கு வந்தான். கண், காது, மூளை ஸ்கேன் என்று ஒவ்வொன்றாகக் கடந்தான். இரண்டு வயதுவரை அவன் வயதைப் பிறந்த தேதியிலிருந்து கணக்கிடவில்லை. பிறந்திருக்கவேண்டிய தேதியிலிருந்தே கணக்கிட்டோம். அப்படிப் பார்த்தால் நடந்தது சரியான மாதத்தில்தான்.

எனக்கு மாத்திரை நிற்க மூன்று மாதம் ஆயிற்று. இந்த நோய் வந்துபோன பெண்ணுக்குப் பிற்காலத்தில் இதய நோய் வரும் வாய்ப்பு ஏறக்குறைய இரண்டு மடங்கு. ஆண்டுதோறும் அழுத்தமும் சர்க்கரையும் பார்க்கவேண்டும், எந்த மருத்துவரிடம் போனாலும் இதைச் சொல்லவேண்டும். இன்னொரு கர்ப்பம் என்றால், இது மறுபடி வரும் வாய்ப்பைக் குறைக்க 12 வாரத்திலிருந்தே குறைந்த அளவு ஆஸ்பிரின் தொடங்கவேண்டும் என்றார்கள். நான் இன்னொன்று வேண்டாம் என்று முடிவு செய்தேன். ஆனால் என் தங்கை கருவுற்றபோது முதல் பரிசோதனைக்கு நானும் உடன் போய், என் கதையை மருத்துவரிடம் சொன்னேன். அவளுக்கு ஆஸ்பிரின் எழுதிக்கொடுத்தார். ஒருநாள் இரவு போனில், "லேசாகத் தலைவலி அக்கா, தாங்கிக்கொள்ளலாம்" என்றாள். நான் கத்திய கத்தலில் வீட்டில் எல்லோரும் எழுந்துவிட்டார்கள். அன்று அவளுக்கு எண் சரியாகத்தான் இருந்தது. மறுபடி தலை வலித்தால் மறுபடியும் கத்துவேன்.

பெரியம்மாவிடம் போன மாதம்தான் பதில் சொன்னேன். எங்கள் வீட்டுக்கு வந்திருந்தார். கேட்டது அவருக்கு நினைவுகூட இல்லை. நான் வரைபடத்தைப் பற்றி, வெள்ளையாக இருந்த இடத்தில் விழுந்த புள்ளியைப் பற்றி, நஞ்சுக்கொடியின் செத்த திட்டுகளைப் பற்றிச் சொல்லிக்கொண்டே போனேன். நடுவே குறுக்கிடாமல் கேட்டுக்கொண்டிருந்தார். கடைசியில், "அப்படியானால் உள்ளே இருந்த நாளெல்லாம் பிள்ளைக்குப் பசித்துக்கொண்டேவா இருந்தது?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். வேறு எதுவும் கேட்கவில்லை. உள்ளறையில் விளையாடிக்கொண்டிருந்தவனைக் கூப்பிட்டுப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டார்.

அவனுக்கு அது போதாது. மேசையின் இழுப்பறையில் இருக்கும் என் இரத்த அழுத்தக் கருவியை எடுத்துவந்தான். யார் வந்தாலும் எடுத்துவிடுவான். பெரியம்மாவின் கையைத் தூக்கித் தலையணைமேல் வைத்தான். அவர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். "பேசக்கூடாது பாட்டி. காலைக் கீழே வையுங்கள். இரண்டு காலையும்" என்றான். அவர் மடித்திருந்த காலை இறக்கித் தரையில் பதித்துக்கொண்டார். பட்டை உறுமிக்கொண்டு உப்பியது. எண்கள் ஏறி இறங்கி நிற்கும்வரை இருவரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு அந்தச் சிறிய திரையையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். "134, 78" என்று படித்துவிட்டு, எழுதிக்கொள்ளச் சொல்லி என்னைப் பார்த்தான்.